குடிக்காமல் ஆறிய காப்பி

கோப்பிங்கன், ஜெர்மனி
1996 மார்ச் 3

நாகியே,

இந்த நேரங்கெட்ட நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். எல்லாரும் அடங்கிய பிறகுதான் எனக்குக் கை ஒழிகிறது. அதுவும் ஒரு கைதான். மற்றதில் குழந்தை இருக்கிறாள். கீழே கிடத்தினால் விழித்துக்கொள்வாள் என்று காகிதத்தை முழங்காலில் வைத்து எழுதுகிறேன். வரி கோணிக்கொண்டு போனால் என்னைத் திட்டாதே, அது அவள் புரள்வது.

பெயர் ப்ளேத்தா. ஏழு மாதம் ஆகிறது. இரண்டு நாளாக மூக்கடைப்பு. மூச்சு வருகிறதா என்று விரலை வைத்து வைத்துப் பார்க்கிறேன். "நீ விரல வைக்கறதுலதான் அவளுக்கு மூக்கே அடைக்குது" என்கிறார் ஃபாதில். அவருக்கு ராத்திரி ஷிப்ட். இந்த விடுதியில் எங்களுக்கு ஒரே அறை. பக்கத்து அறையில் ஒரு போஸ்னியக் குடும்பம், அவர்கள் இருமினால் இவளும் இருமுகிறாள்.

பெண் பிறந்தால் வீட்டு உத்தரங்கள் அழும் என்பார்கள் இல்லையா நம் பக்கம். இவள் பிறந்து இந்த அறைக்கு எடுத்து வந்த அன்று அண்ணாந்து பார்த்தேன். காங்கிரீட் கூரை. அழுவதற்கு ஒரு மரத்துண்டு கூட இல்லை. நான்தான் அழுதேன். அது பெண் என்பதற்காக இல்லை. கூப்பிட்டுச் சொல்ல யாரும் இல்லை என்பதற்காக. அம்மாவுக்கு ஸெனெல் மூலம் சொல்லியனுப்பினேன், பஸ் ஓட்டிக்கொண்டு மாதம் ஒருமுறை வருகிறாரே, அவர்தான். அம்மா திருப்பிச் சொல்லியனுப்பியது இதுதான்: "ஃபாதில் வீட்டுக்கு ஒரு பொண்ணு பொறந்திருக்கு, நல்லாருக்கட்டும்." ஃபாதில் வீட்டுக்கு. அந்த ஒரு சொல்லை நான் எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்துவிட்டேன்.

நீ எனக்கு எழுதமாட்டாய் என்று தெரியும். நான் எழுதலாம் இல்லையா. நீ இன்னும் ஹாஸ் மலைப்பக்கம் ஏறி இறங்குகிறாய், வீடு வீடாகப் போய்ப் பெண்களைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்கிறாய் என்று தம்பி லுல்ஸிம் சொல்லியனுப்பினான். தனியாகவா போகிறாய்? சாலையில் போலீஸ் நிறுத்துவதில்லையா?

ஒரு விஷயம் சொல்லத்தான் ஆரம்பித்தேன். ஜாகோவாவில் என் அறை சும்மா கிடக்கிறது. வீட்டில் அம்மாவும் தம்பி லுல்ஸிமும் மட்டும்தான். மலையிலிருந்து வந்து தங்கிப் படிக்க இடமில்லாத பெண் யாராவது இருந்தால் அந்த அறையைக் கொடு. நம் பள்ளிக்கூடங்களை அரசு பூட்டியதிலிருந்து தெருக்கோடி வீட்டில்தானே இப்போது உயர்நிலை வகுப்பு நடக்கிறது. அம்மாவிடம் நான் கேட்டுக்கொள்கிறேன்.

மிர்வேத்தே


ஜாகோவா
1996 மார்ச் 20

மிர்வேத்தே,

கடிதம் வந்தது. பதில் எழுதுவதா என்று கொஞ்ச நாள் யோசித்தேன். அறைக்காக எழுதுகிறேன்.

ஆமாம், தனியாகத்தான் போகிறேன். நாம் இரண்டு பேராகப் போன வீடுகளுக்குத்தான். "கூட ஒருத்தி வருவாளே, ஒசரமா, அவ எங்க?" என்று கேட்கிறார்கள். கல்யாணம் ஆகி ஜெர்மனிக்குப் போய்விட்டாள் என்கிறேன். "பாத்தியா" என்று ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். பேர் தெரியாத ஒரு கிழவர் என் தோளைத் தட்டி, "ஒனக்கும் சீக்கிரம் நடக்கும், கவலப்படாத" என்றார். பெண்ணைப் படிக்க வையுங்கள் என்று கேட்கப் போன இடத்தில் எனக்கு ஆறுதல் சொல்லியனுப்புகிறார்கள். ஒரு மாத லீவில் வந்தவனுடைய போட்டோவைப் பார்த்துவிட்டு நீ கிளம்பிப் போனதில் எனக்குக் கிடைத்த லாபம் இது. உன் கல்யாணத்துக்கு நான் ஏன் வரவில்லை என்று நீ கேட்கவில்லை. கேட்க வேண்டாம்.

உன் அறைக்கு ஒரு பெண் இருக்கிறாள். ருஸ்தெம் வீட்டுக் கடைசிப் பெண், மியாஃப்தே. உனக்கு ஞாபகம் இருக்கும், ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்ததும் 'போதும்' என்று பெயர் வைத்துவிட்டாரே அந்த மனுஷர். எட்டாவது முடித்து ஒரு வருஷமாக வீட்டில் இருக்கிறாள். பதினைந்து வயது. நான் போகும்போதெல்லாம் ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் நின்று கணக்குக் கேட்பாள். போன தடவை நான் தப்பாகப் போட்டதைத் திருத்தினாள். பக்கத்து ஊர் மனைவி இழந்தவன் ஒருவன் அவளைப் பற்றி விசாரித்திருக்கிறான்.

"எங்கயோ ஒரு வீட்ல எப்படிம்மா தங்க வைக்கறது?" என்றுதான் ருஸ்தெம் சொல்லிக்கொண்டிருந்தார். உன் வீடு என்றால் அவருக்கு வாய் அடைத்துவிடும். உன் அப்பாவின் பெயருக்கு அங்கே இன்னும் மதிப்பு இருக்கிறது. இந்த வெள்ளிக்கிழமை லுல்ஸிமைக் கூட்டிக்கொண்டு போகிறேன். பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்து சொல்லியனுப்பப் போவதில்லை. நேராக ஓடாவுக்குள், ஆண்கள் விருந்தாளிகளோடு உட்காரும் அந்த அறைக்குள், அத்தனை ஆண்களுக்கும் நடுவில் போய் உட்காரப் போகிறேன்.

குழந்தைக்கு மூக்கு சரியாகிவிட்டதா? சும்மாதான் கேட்டேன்.

நாகியே


ஜாகோவா
1996 ஏப்ரல் 2

மிர்வேத்தே,

முதலில் உட்கார்ந்துகொள். குழந்தையைக் கீழே வை.

போனோம். வாசலிலேயே ருஸ்தெம், "வா பொண்ணே, பொம்பளைங்க அந்தப் பக்கம்" என்றார். "உங்ககிட்டத்தான் பெரியப்பா பேசணும்" என்றேன். லுல்ஸிம் பின்னால் நிற்பதைப் பார்த்துவிட்டு வழிவிட்டார். ஓடாவில் பன்னிரண்டு பேராவது இருப்பார்கள். ஒரே புகை. எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள்.

காப்பி வந்தது. என் கை எப்படி என்று உனக்குத் தெரியும். நாம் முதல்முதலில் போன வீட்டில் வெள்ளைக் கம்பளத்தில் காப்பியைக் கொட்டினேன், நீ உன் கழுத்துத் துணியால் துடைத்தாய். அந்த ஞாபகம் வந்துவிட்டது. கை ஆடியது. கோப்பையைத் தொடாமல் கீழேயே விட்டேன். நான் குடிக்கவில்லை என்று உன் தம்பியும் மரியாதைக்கு அவன் கோப்பையைக் கீழே வைத்தான். இரண்டு கோப்பையும் ஆவி விட்டுக்கொண்டு தரையில் இருக்கின்றன. அறையே அந்தக் கோப்பைகளைப் பார்க்கிறது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

வேண்டுதலோடு வந்தவன்தானே காப்பியைத் தொடமாட்டான். கேட்டது கிடைத்த பிறகுதானே குடிப்பான். ரத்தப்பகையை மன்னிக்கச் சொல்லி வருபவன் அப்படிச் செய்வான். அல்லது பெண் கேட்டு வருபவன்.

ருஸ்தெம் லுல்ஸிமைப் பார்த்தார். அவன் காதுவரை சிவந்துபோயிருந்தான், அத்தனை பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்த கூச்சம் அவனுக்கு. "ஹாவாம்மா பையன்தான நீ. ஒங்கப்பன் எனக்குக் கூடப் பொறந்தவன் மாதிரி" என்றார். புகையிலை டப்பியை அவன் பக்கம் தள்ளினார். பிறகு என்னிடம், "குடிங்க. நீங்க கேட்டு வந்தத நான் குடுத்தாச்சு."

நான் இன்னும் வாயே திறக்கவில்லையடி. அங்கே ஜெர்மனியில் உல்மில் ரொட்டிக் கடையில் வேலை செய்கிறானே அவருடைய மகன் ஹய்தர், தங்கச்சியின் படிப்பைப் பற்றி அவன் முன்கூட்டியே சொல்லியனுப்பியிருப்பான் என்று நினைத்தேன். அத்தனை சந்தோஷம். ஒரே மடக்கில் குடித்து முடித்தேன். லுல்ஸிமும் குடித்தான். ருஸ்தெம் எழுந்து எல்லார் முன்னாலும் அவனைக் கட்டிக்கொண்டார்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் கஞ்சிராவைத் தட்டிப் பாட ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்வதற்கு யாரும் கஞ்சிரா தட்டுவதில்லை, மிர்வேத்தே.

அங்கேயே சொல்லியிருக்கலாம். பன்னிரண்டு பேர் முன்னால் கொடுத்த வாக்கை அங்கேயே அவர் கையில் திருப்பி வைத்தால் அது முகத்தில் துப்புவது போல. அந்த நாற்றம் அவர்மேல் அடிக்காது, மியாஃப்தேமேல்தான் அடிக்கும். வாயை மூடிக்கொண்டேன். திரும்பும் வழியெல்லாம் உன் தம்பி ஒரே ஒரு வார்த்தைதான் பேசினான்: "நாகியே அக்கா, இப்ப என்ன ஆச்சு?"

உன் அம்மாவுக்குச் செய்தி எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. வாசலில் நின்று என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள்.

நாகியே


கோப்பிங்கன்
1996 ஏப்ரல் 19

நாகியே,

படித்ததும் முதலில் சிரித்தேன். சிரித்த சத்தத்தில் குழந்தை எழுந்துவிட்டாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

ஸெனெல் உன் கடிதத்தோடு அம்மா கொடுத்த ஒரு பையையும் கொண்டுவந்தார். அம்மா மருமகளுக்குக் காலுறை பின்ன ஆரம்பித்துவிட்டாளாம், இங்கே கிடைக்கும் சிவப்பு நூல் வேண்டுமாம். "அறுவடை முடிஞ்சதும் கல்யாணத்த வச்சிடலாம்" என்றாளாம். ஸெனெலின் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், குழந்தையைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று. சொல்லவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். நிச்சயமான பெண் கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதிக்கலாமா? என் அறை அவளுக்காகத் திறந்த ஒரே கதவு. அதைத்தான் இரண்டு கோப்பைக் காப்பியால் சாத்தியிருக்கிறீர்கள். இனி அவள் அந்த வீட்டுக்குள் வருவதென்றால் மணப்பெண்ணாகத்தான் வரவேண்டும். வந்த மறுநாள் மாவு பிசைவாள். அம்மா கெட்டவள் இல்லை. "படிக்கட்டும், யாரு வேணாங்கறா" என்பாள். பிறகு பால் கறக்கச் சொல்வாள். பிறகு ஒரு குழந்தை. எனக்குத் தெரியாதா? பல்கலைக்கழகத்தில் படித்த என் பாடப்புத்தகங்கள் இங்கே கட்டிலின் ஒரு கால் ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கின்றன.

ஃபாதிலிடம் சொன்னேன். "நல்ல பையன், நல்ல பொண்ணு, இதுல அழ என்ன இருக்கு?" என்றார். அவருக்கு நான் சமைத்ததைத் தட்டில் போடாமல் பானையோடு எடுத்து வைத்தேன். பாவம், பானையிலேயே சாப்பிட்டார்.

லுல்ஸிம் என்ன சொல்கிறான்? வேண்டாம் என்று அவன் சொல்லிவிட்டால்? இல்லை, அதுவும் கூடாது. எழுதும்போதே தெரிகிறது. நாம் சேர்ந்து போன நாட்களில் வழியில் எதையாவது பேசி ஒரு வழி கண்டுபிடித்துவிடுவோமே. இங்கே என்னோடு நடக்க யாரும் இல்லை. தள்ளுவண்டியோடு ரயில் நிலையம்வரை போய்விட்டுத் திரும்புகிறேன்.

மிர்வேத்தே


ஜாகோவா
1996 மே 11

மிர்வேத்தே,

கோபப்பட்டுக்கொள். எனக்கே என்மேல் இருக்கிறது.

லுல்ஸிம் "அக்கா என்ன சொல்றாளோ அதான்" என்கிறான். எந்த அக்கா என்று கேட்டேன். "ரெண்டு அக்காவும்தான்" என்கிறான். நல்லவன்தான், ஆனால் ஈரச் சாக்கு மாதிரி, பிடித்த பக்கம் தொங்குகிறான். அவன் வேண்டாம் என்று சொன்னால் மியாஃப்தே விடப்பட்டவள் ஆகிவிடுவாள். விடப்பட்ட பெண்ணுக்கு அந்த மனைவி இழந்தவன் காத்துக்கொண்டிருக்கிறான். ருஸ்தெமும் அவமானத்தில் வாரத்துக்குள் கொடுத்துவிடுவார். அவள் வேண்டாம் என்று சொல்ல வழக்கத்தில் இடமே இல்லை, உனக்குத் தெரியும்.

அவளைப் பார்த்தேன். தாழ்வாரத்தில் அக்காமார் சூழ உட்கார்ந்திருந்தாள். தலையைக் குனிந்து நிச்சயமான பெண்ணாக இருக்கப் பழக்கிக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் என் பக்கத்தில் வந்து ஒன்றுதான் கேட்டாள்: "அந்த ரூம்ல ஜன்னல் உண்டா அக்கா?" உண்டு என்றேன். "பக்கத்துல மேஜை போடலாமா?" போடலாம் என்றேன். நான் வேறு என்ன சொல்வேன்.

வகுப்பு நடக்கிறது. பெண்கள் ஒன்பது பேர்தான். காலணிகளை வாசலில் விடாமல் உள்ளே எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன், போலீஸ் தெருவில் போகும்போது காலணியை வைத்துத் தலையை எண்ணுகிறார்கள். தரையில் உட்கார்ந்து மடியில் காலணியோடு எழுதுகிறார்கள். அவர்களைப் பார்க்கும்போது நீ பக்கத்தில் இருந்து இடித்துச் சிரிக்கவேண்டும் போல் இருக்கும்.

உன் கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்றால், வந்திருந்தால் வண்டியைப் போகவிட்டிருக்க மாட்டேன்.

வழி இருந்தால் சொல். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நாகியே


கோப்பிங்கன்
1996 ஜூன் 10

என் நாகியே,

ஒரு காரியம் செய்துவிட்டேன். சரியா தப்பா என்று நீதான் சொல்லவேண்டும். செய்தது செய்ததுதான், முடி திரும்ப ஒட்டாது.

போன வாரம் ப்ளேத்தாவுக்குக் காது வலி, மூக்கடைப்பு எல்லாம் தீர்ந்து முதல்தடவை நன்றாகத் தூங்கினாள். கழுத்தில் சுருண்டிருக்கும் முடியை விலக்கிவிட்டுக்கொண்டிருந்தேன். முதல் முடி யாரை வைத்து வெட்டுவது என்ற நினைப்பு வந்தது. அப்போது பொறி தட்டியது. குழந்தையின் முதல் முடியை வெட்டுகிறவன் வீடும் குழந்தையின் வீடும் உறவாகிவிடும் இல்லையா? அந்த இரண்டு வீட்டுக்கும் இடையே பெண் எடுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். அது அண்ணன் தங்கையைக் கட்டிவைப்பது போல. யாரும் வேண்டாம் என்று சொல்ல வேண்டாம். யாருக்கும் அவமானம் இல்லை. நிச்சயம் தானாக உதிர்ந்துவிடும்.

உல்முக்குச் சொல்லியனுப்பி ருஸ்தெமின் மகன் ஹய்தரை ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொன்னேன். கை நிறைய ரொட்டியோடு வந்தான். கண் இமையில்கூட மாவு இருந்தது. சாப்பிட்டதும் காப்பி வைத்தேன். என் கோப்பையை மட்டும் தொடாமல் தரையில் வைத்தேன்.

அவன் பார்த்தான். "இது என்ன, வீட்டுக்காரியே கேக்கறீங்களா? விருந்தாளிதான கேக்கணும்?"

"எனக்கு வேற வழி தெரியல ஹய்தர்."

முழுவதையும் சொன்னேன், ஆடிய உன் கையிலிருந்து மியாஃப்தே கேட்ட ஜன்னல்வரை. ஒளிக்கவில்லை. அவன் ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒன்றுசேர்த்தான். பிறகு சொன்னான்: "எங்கப்பா அவளுக்குப் போதும்னு பேரு வச்சாரு. அவளுக்குப் போதும்ங்கற அளவுக்கு எதுவும் கெடச்சு நான் பாத்ததில்ல." கோப்பையை என் பக்கம் நகர்த்தினான். "குடிங்க. ஆறிடும்."

ஃபாதில் குறுக்கே வந்தார். "இருங்க, எம்பொண்ணு முடி, நான் ஒரு வார்த்த சொல்லலாமா? எங்க வீட்ல ஏற்கனவே நாலு பேரு மொட்ட. பாத்து வெட்டுங்க." அதுதான் அவர் சம்மதம் கொடுத்த விதம். அவரைப் பற்றி நான் எழுதியதில் பாதியை எடுத்துக்கொள்கிறேன்.

கத்தரிக்கோலை இரண்டு தடவை கொதிக்க வைத்தேன். குழந்தையை மடியில் இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டேன். ரொட்டி வெட்டுகிற கை, கொஞ்சமும் ஆடவில்லை. நெற்றியில் ஒன்று, இரண்டு காதுப் பக்கமும் ஒவ்வொன்று. ப்ளேத்தா அழவில்லை. அவன் விரலைப் பிடித்து மாவை நக்கினாள். அவன் வழக்கப்படி குழந்தையின் தொப்பிக்குள் ஒரு நாணயம் வைத்தான். வைத்துவிட்டு நிமிர்ந்தவன் கேட்டான், அதற்குப் பிறகு எனக்குத் தூக்கமே போய்விட்டது.

"அக்கா, இது ஃபாதில் வீட்டுக் குழந்த. நான் ஒறவானது ஃபாதில் வீட்டுக்கு. எங்க தங்கச்சியக் குடுத்தது ஒங்கம்மா வீட்டுக்கு. பெரியவங்க இதக் கேப்பாங்களே?"

கேட்பார்கள். பெண் வயிற்றுப் பிள்ளை அவள் பிறந்த வீட்டுப் பிள்ளை ஆகாது, அதுதானே நம் கணக்கு. எனக்கு அது தெரியாமல் இல்லை. பிறந்த வீட்டு மூத்தவர் ஆகும் என்று சொன்னால் ஆகும். அந்த வீட்டுக்கு இப்போது மூத்தவள் அம்மாதான். என் குழந்தை தன் வீட்டுக் குழந்தை என்று அம்மா தன் வாயால் சொல்லவேண்டும். சொன்னால் அவளுக்கு மருமகள் போய்விடுவாள். சொல்லாவிட்டால் மருமகள் கிடைப்பாள், ருஸ்தெமுக்கும் நிம்மதி.

முடியை வெள்ளைக் கைக்குட்டையில் முடிந்து ஸெனெலிடம் கொடுத்திருக்கிறேன். ருஸ்தெம் கையில் கொடுக்கச் சொல். அம்மாவை நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. கேட்டு வாங்கிய சொல் எனக்கு வேண்டாம். நீயும் சொல்லிக்கொடுக்காதே.

சிவப்பு நூலும் அனுப்பியிருக்கிறேன். அவள் கேட்டாளே.

மிர்வேத்தே


ஜாகோவா
1996 செப்டம்பர் 8

மிர்வேத்தே,

தாமதத்துக்குத் திட்டாதே. பஸ் எல்லையில் நின்றுவிட்டது, ஸெனெல் ஒரு மாதம் வரவில்லை. நடுவில் எழுதிக் கிழித்ததும் உண்டு.

கைக்குட்டையைப் பிரித்ததும் ருஸ்தெம் கத்திய கத்தல் கீழ் ஊர்வரை கேட்டிருக்கும். "ஜெர்மனியில எம்மவன் கத்திரிய எடுத்தா இங்க எங்க வாக்கு அறுந்துருமா?" வாரக்கணக்கில் யாரோடும் பேசவில்லை. அப்புறம் பெரியவர்களைக் கூட்டினார். உன் அம்மாவையும் வரச் சொன்னார். லுல்ஸிம், நான், அம்மா மூன்று பேரும் போனோம். அம்மா எங்களுக்கு முன்னால் நடந்தாள். கையில் பின்னல் பை. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

அம்மா பெண்கள் பக்கம் போனாள். நான் ஓடாவில். காப்பி வந்தது, நான் முதல் ஆளாக எடுத்துச் சத்தம் வர உறிஞ்சினேன். நாலு பேர் சிரித்தார்கள். ருஸ்தெம் சிரிக்கவில்லை.

"முடி வெட்டியாச்சுன்னா ஒறவுதான். ஒறவுக்குள்ள கல்யாணம் கெடையாது" என்றார் ஒரு கிழவர்.

"எந்த ஒறவு? அது ஃபாதில் வீட்டுப் பிள்ள. பொட்டப்புள்ள பெத்தது பொறந்த வீட்டுக்கு எப்படிய்யா ஆகும்?" என்றார் இன்னொருவர். பாதிக்கு மேல் தலை ஆட்டினார்கள்.

ருஸ்தெம் எல்லாரையும் கையமர்த்தினார். "அந்த வீட்டுக்காரிய கூப்பிடுங்க."

உன் அம்மா ஓடா வாசலில் வந்து நின்றாள். அந்தப் படியை அவள் வாழ்நாளில் தாண்டியதில்லை. ருஸ்தெம் கேட்டார்: "ஹாவா, நல்லா யோசிச்சுச் சொல்லு. ஒம்பொண்ணோட குழந்த ஒன் வீட்டுப் பிள்ளையா, இல்லையா? இல்லன்னா அறுவடைக்குப் பொண்ண அழச்சிக்கிட்டுப் போ."

அவள் பின்னல் பையைத் திறந்தாள். பையிலிருந்து சிவப்பும் வெள்ளையுமாகக் காலுறைகளை எடுத்தாள், ஒரு ஜோடி, இன்னொரு ஜோடி. "மருமவளுக்குப் பின்னினது" என்றாள். எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அப்புறம் அடியிலிருந்து ஒரு குட்டி ஜோடியை எடுத்தாள். கட்டை விரல் அளவுதான் இருக்கும், அதே சிவப்பு நூல்.

"மிச்ச நூல்ல இது பின்னினேன்" என்றாள். "அந்தப் புள்ளைய நான் போட்டோவுலதான் பாத்தேன். காது எங்காது. எங்க வீட்ல எல்லாருக்கும் அந்தக் காது. லுல்ஸிம், திரும்பிக் காட்டுறா." உன் தம்பி திரும்பிக் காட்டினான். "எம்மவள வண்டியேத்தி அனுப்பினப்ப, இனிமே அவ அந்த வீட்டுக்காரின்னு சொல்லித்தான் அனுப்பினேன். அப்படித்தான் சொல்லணும்னு எனக்குச் சொல்லிக்குடுத்தாங்க. சொல்லிட்டு வந்து ரெண்டு வருஷமா அந்த ரூம் கதவ நான் தொறக்கல." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எங்க வீட்டுப் புள்ளதான். எவன் என்ன வேணாலும் சொல்லிக்குங்க."

அவள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கும் ஒரு காப்பி குடுங்க. பயப்படாதீங்க, குடிக்கத்தான் கேக்கறேன்."

ருஸ்தெம் தன் கையாலேயே ஊற்றினார். ஊற்றிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "குடுத்த வாக்கு குடுத்ததுதான். மருமவளாக் குடுத்தேன். மகளா வச்சிக்கோ. படிப்போ கிடிப்போ, அது ஒங்க வீட்டு விஷயம்."

மிர்வேத்தே, உன் அறையில் இப்போது ஜன்னலோரம் மேஜை இருக்கிறது. முதல் வாரம் அம்மா அவளை அடுக்களையிலேயே படுக்க வைத்தாள். ஒரு சாயங்காலம் நான் போனபோது உன் கதவு திறந்திருந்தது. அம்மா கம்பளத்தை வெளியே போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். மியாஃப்தே வகுப்பில் மடியில் உன் பழைய காலணியை வைத்துக்கொண்டு எழுதுகிறாள். அவளுக்குப் பெரிது. பஞ்சு அடைத்திருக்கிறாள். பெண்கள் இப்போது பத்து பேர்.

நீ இல்லாமல் இதெல்லாம் நடந்தது என்று சொல்ல முடியாது. நீ இருந்து நடந்தது என்றும் சொல்ல முடியவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நாகியே


கோப்பிங்கன்
1996 செப்டம்பர் 29

நாகியே,

இன்றும் நேரங்கெட்ட நேரம்தான். இனி மன்னிப்புக் கேட்கமாட்டேன், எனக்கு இருப்பது இந்த நேரம்தான்.

'எங்க வீட்டுப் புள்ளதான்' என்ற இடத்தை ஃபாதிலுக்குப் படித்துக் காட்டினேன். மறுபடியும் படிக்கச் சொன்னார். அப்புறம், "காது எங்க வீட்டுக் காதுன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

சிவப்புக் காலுறை வந்து சேர்ந்தது. சின்னதாகிவிட்டது. அம்மா போட்டோவை வைத்துப் பின்னியிருக்கிறாள், போட்டோவுக்குப் பிறகு கால் வளர்ந்துவிட்டது. கழற்ற மனமில்லாமல் பாதி மாட்டிவிட்டிருக்கிறேன். அதோடு எழுந்து நிற்கப் பார்க்கிறாள். நிற்கும்போது வாசல் பக்கம்தான் பார்க்கிறாள். இங்கே தங்க அனுமதி கேட்ட எங்கள் மனு இன்னும் அப்படியே கிடக்கிறது. இந்த நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வரமுடியாது, அங்கே வராமலே இருந்தால் நான் என்ன ஆவேன் என்றும் தெரியவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். என் ஜன்னலில் இன்னொருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்று படித்ததும் சந்தோஷத்தோடு வேறு ஒன்றும் வந்தது. அந்த ஜன்னலைக் கொஞ்சம் தூக்கி இடது பக்கம் தள்ளினால்தான் திறக்கும் என்று அவளுக்குச் சொல். திறந்தால் தெருக்கோடி தெரியும். நீ வகுப்பு முடித்து வருவது அங்கிருந்து தெரியும். நான் அப்படித்தான் பார்ப்பேன்.

பக்கத்து அறை போஸ்னியப் பெண்ணும் மாடியில் இருக்கும் இரண்டு பேரும் செவ்வாய்க்கிழமைகளில் என் அறைக்கு வருகிறார்கள். ஜெர்மன் படிக்கிறோம். கட்டில் காலுக்குக் கீழே இருந்த புத்தகங்களை எடுத்துவிட்டு ஒரு செங்கல்லை வைத்திருக்கிறேன். கட்டில் ஆடத்தான் ஆடுகிறது. காப்பி வைக்கிறேன். எல்லாரும் குடிக்கிறார்கள்.

அம்மாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். இல்லை, சொல். குழந்தைக்குக் கால் வளர்ந்துவிட்டது என்று மட்டும் சொல், அவளுக்குப் புரியும்.

மியாஃப்தேயைத் தன் கையால் ஒரு வரி எழுதச் சொல், எதைப் பற்றியாவது. ஜன்னலில் என்ன தெரிகிறது என்று எழுதினாலும் போதும். நீயும் எழுது. ஸெனெல் பத்தாம் தேதி கிளம்புகிறாராம். அதற்குள் கொடுத்துவிடு. சீக்கிரம் பதில் போடு.

மிர்வேத்தே